13 மார்க் படமும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரும்

"ஒற்றைத் தட்டு கிளட்சின் அமைப்பைப் படம் வரைந்து, அது இயங்கும் விதத்தை விளக்குக." மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பசங்க யாருக்கும் இந்தக் கேள்வியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 13 மார்க். வந்தால் ஜாக்பாட். இடது பக்கம் ஒரு பிளைவீல், நடுவில் ஒரு கிளட்ச் பிளேட், வலது பக்கம் பிரஷர் பிளேட், நாலு ஸ்பிரிங், ஒரு ஷாஃப்ட். ஸ்கேல் வச்சு கோடு போட்டு, அம்புக்குறி இழுத்துப் பெயர் எழுதினால் முடிந்தது. நானும் அப்படித்தான் எழுதினேன். நல்ல மார்க்கும் வந்தது.

அந்தப் படத்தை நம்பிப் போய் ஒரு நிஜ கிளட்ச்சை நான் தலைகீழாக மாட்டிய கதைதான் இது. கதையோடு சேர்த்து, கிளட்ச்சும் பிளைவீலும் எப்படித் தேய்கின்றன, மாற்றும்போது எதைப் பார்க்கணும், ஏன் பார்க்கணும் என்பதையும் எழுதுகிறேன். ஜூனியர்ஸ் யாருக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமானால் சந்தோஷம்.

படிப்பு முடித்து மேற்படிப்புக்காக இங்கிலாந்து வந்த எனக்கு, இங்கே பெரியப்பா பையன் வீடுதான் சனி ஞாயிறு வீடு. அண்ணன் வருஷக்கணக்காக ஆசைப்பட்டு வாங்கிய கார் ஒன்று அவர் கராஜில் நிற்கிறது. மாஸ்டா எம்எக்ஸ்-5, 1992 மாடல், 1.6 லிட்டர். 1989-ல் சிகாகோ மோட்டார் ஷோவில் அறிமுகமான வண்டி. ரெண்டே சீட்டு, மேல்கூரையைத் திறந்து மடக்கலாம், இன்ஜின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில். பவர் என்னவோ 115 குதிரைதான். ஆனால் எடை சுமார் 950 கிலோ. இந்தக் கார் வகை 2016-ல் பத்து லட்சத்தைத் தொட்டது. ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே அதிகம் விற்றது இதுதான்.

முதல் அறிகுறி: சத்தம் ஏறுது, வேகம் ஏறலை

ஒரு நாள் மேட்டு ரோட்டில் நாலாவது கியரில் போகும்போது அண்ணன் ஆக்சிலரேட்டரை முழுசா அழுத்தினார். ஆர்பிஎம் முள் சட்டென்று 4500-க்கு எகிறியது. ஸ்பீடோமீட்டர் முள் அசையவே இல்லை. கூடவே ஒரு கருகல் வாடை. கொல்லிமலை, ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் முன்னால் போகிற லோடு வண்டியிலிருந்து வருமே, அதே வாடை.

"டேய், கிளட்ச் போச்சுடா" என்றார் அண்ணன்.

அவர் சொன்னது சரி. ஆனால் ஒரு கேள்வி: கிளட்ச் வழுக்குவது ஏன் முதல் கியரில் தெரியாமல் நாலாவது கியரில் தெரிகிறது? இன்ஜின் கொடுக்கிற டார்க் எல்லா கியரிலும் அதுதானே?

விஷயம் இதுதான். முதல் கியரில் இன்ஜின் படுவேகமாகச் சுழற்சி ஏறும். அந்த டார்க்கில் ஒரு பகுதி, இன்ஜினும் பிளைவீலும் தங்களையே வேகப்படுத்திக்கொள்ளச் செலவாகிவிடும். மிச்சம்தான் கிளட்ச் வழியாகப் போகும். நாலாவது கியரில் ஆர்பிஎம் மெதுவாகத்தான் ஏறும். கிட்டத்தட்ட முழு டார்க்கும் கிளட்ச் தலையில் வந்து விழும். அதனால் நொண்டுகிற கிளட்ச் முதலில் மாட்டிக்கொள்வது உயர் கியரில்தான்.

இங்கே ரெண்டு நோயைப் பிரித்துப் பார்க்கப் பழகிக்கோங்க. பெடலை விட்டபிறகும் சரியாகப் பிடிக்காமல் வழுக்கினால் அது தேய்மானம், எண்ணெய்க் கசிவு அல்லது ஸ்பிரிங் பலவீனம். பெடலை முழுசா மிதித்தும் விடுபடாமல் கியர் விழும்போது கறகறவென்று கத்தினால் அது வேறு நோய். ஹைட்ராலிக்கில் காற்று, ஸ்லேவ் சிலிண்டர் கசிவு, வளைந்த பிளேட் என்று காரணங்கள் வேற பக்கம் போகும். முதல் நோய்க்கு கியர்பாக்ஸை இறக்கணும். ரெண்டாவது நோயில் பல சமயம் இறக்காமலேயே சரியாகிவிடும். இந்த ரெண்டாவது நோயை நினைவில் வச்சுக்கோங்க, கதையில் திரும்ப வரும்.

கிளட்ச் என்பது ஒரு ஹீட்டர்

பாடத்தில் கிளட்ச்சை "இணைக்கவும் துண்டிக்கவும் பயன்படும் சாதனம்" என்று படிக்கிறோம். தப்பில்லை. ஆனால் அது தேய்வது ஏன் என்று புரியணும்னா அதை ஒரு ஹீட்டராகப் பாருங்க.

நிற்கிற கார், சுற்றுகிற இன்ஜின். ரெண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். இன்ஜினை ஒரே ஆர்பிஎம்மில் பிடித்து, கிளட்ச்சை வழுக்க விட்டுக் காரைக் கிளப்புகிறோம் என்று வைப்போம். கணக்குப் போட்டால் ஒரு அழகான விடை வரும்: காருக்குக் கிடைத்த இயக்க ஆற்றல் எவ்வளவோ, அதே அளவு ஆற்றல் கிளட்ச்சில் வெப்பமாகப் போயிருக்கும். பாதிக்குப் பாதி. எவ்வளவு நல்ல கிளட்ச் போட்டாலும் இந்தப் பாதியைத் தவிர்க்க முடியாது.

இந்தக் காரின் முதல் கியர் விகிதம் 3.136, பின் அச்சில் 4.3, டயர் ஆரம் சுமார் 0.289 மீட்டர். 2000 ஆர்பிஎம்மில் கிளட்ச் முழுசாகப் பிடிக்கும்போது கார் விநாடிக்கு 4.5 மீட்டர், அதாவது மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் இருக்கும். ரெண்டு பேரோடு எடை 1100 கிலோ என்றால் இயக்க ஆற்றல் சுமார் 11 கிலோஜூல். ஆக, ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்ச்சுக்கு 11 கிலோஜூல் சூடு.

இப்போ அதே காரை 5000 ஆர்பிஎம்மில் 'லாஞ்ச்' பண்ணிக் காட்டுறேன்னு ஒருத்தர் கிளம்பினால்? ஆர்பிஎம் இரண்டரை மடங்கு. ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. அதனால் 6.25 மடங்கு. சுமார் 69 கிலோஜூல், ரெண்டு மூணு விநாடிக்குள்.

இந்தச் சூட்டில் ஏறத்தாழ பாதி பிளைவீலுக்குப் போகும். எட்டு கிலோ இரும்பில் 35 கிலோஜூல் பரவினால் சராசரியாகப் பத்து டிகிரிகூட ஏறாது. அப்புறம் என்ன பயம்? பயம் இதுதான்: சூடு பரவ நேரம் வேணும். அந்த ஒன்றிரண்டு விநாடியில் அது மேல்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கும். அந்த மெல்லிய தோல் மட்டும் ஒரே தடவையில் நூறு டிகிரிக்கு மேல் ஏறிவிடும். ஆறவிடாமல் நாலு தடவை செய்தால்? பரப்பு நீலம் பாயும். மேல்தோல் விரிய, உள்ளே இருக்கிற குளிர்ந்த இரும்பு விடமாட்டேன் என்று இழுக்க, மயிரிழை விரிசல்கள் பிறக்கும்.

அதனால்தான் பிளைவீலை "கிளட்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு பாகம்" என்று நினைக்கக் கூடாது. உராயும் ஜோடியில் ஒரு பாதியே அதுதான். கிளட்ச் பிளேட்டின் ஒரு முகம் பிரஷர் பிளேட்டில் உராய்கிறது, மறு முகம் பிளைவீலில். புது பிளேட்டைப் பழைய பிளைவீலில் போடுவது, கோடு விழுந்த அம்மிக்குப் புதுக் குழவி வாங்குகிற மாதிரி.

இறக்குவது எப்படி

எம்எக்ஸ்-5-ல் இன்ஜினை எடுக்கத் தேவையில்லை. கியர்பாக்ஸை மட்டும் பின்னால் இழுத்துக் கீழே இறக்கினால் போதும். சனிக்கிழமை காலை ஆரம்பித்தோம். வரிசை இதுதான்:

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றணும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வரும் தடித்த ஒயரில் எப்போதும் கரன்ட் இருக்கும். ஸ்பேனர் அதையும் பாடியையும் சேர்த்துத் தொட்டால் தீப்பொறி பறக்கும்.

அடுத்து நாலு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் யாரும், எப்போதும், ஒரு நிமிஷத்துக்குக்கூடப் படுக்கக் கூடாது. ஸ்டாண்டில் உட்கார்ந்தபின் காரை நல்லா உலுக்கிப் பாருங்க. விழுவதானால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும்.

பிறகு உள்ளேயிருந்து கியர் லிவரைக் கழற்றணும். கியர் ஆயிலை வடித்துவிடணும். இதைச் செய்யாமல் புரொப்பெல்லர் ஷாஃப்டை உருவினால் அவ்வளவு ஆயிலும் முகத்தில்தான். சைலன்சர் பைப்பின் முன்பகுதி, புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் வெளியே. ஸ்லேவ் சிலிண்டரை அதன் குழாயோடேயே கழற்றி ஓரமாகக் கட்டி வைக்கலாம். குழாயைப் பிரிக்காவிட்டால் உள்ளே காற்றுப் புகாது.

இந்தக் காரில் ஒரு விசேஷம் உண்டு. கியர்பாக்ஸையும் பின்னால் இருக்கிற டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது. அதைக் கழற்றியதும் கியர்பாக்ஸுக்குப் பின்பக்கத் தாங்கல் போய்விடும், இன்ஜினும் பின்னால் சாயும். அதனால் ஆயில் சம்ப்புக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து ஜாக்கியால் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அதைத் தொடணும்.

கடைசியில் பெல் ஹவுசிங் போல்ட்டுகள். கீழே இருப்பவை சுலபம். மேலே இருக்கிற ரெண்டுக்கும் கை போகாது, கண்ணும் போகாது. ஒரு முழ நீள எக்ஸ்டென்ஷன் ராடும் நிறைய பொறுமையும் வேணும். எங்களுக்கு அந்த ரெண்டு போல்ட்டுக்கே ஒன்றரை மணி நேரம்.

கியர்பாக்ஸ் முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அதை இழுக்கும்போது நேராக, ஒரே மட்டத்தில் பின்னால் கொண்டுவரணும். பாதியில் கையை விட்டால் அதன் மொத்த எடையும் இன்புட் ஷாஃப்ட் வழியாகக் கிளட்ச் பிளேட்டின் நடுவில் தொங்கும். பிளேட் வளைந்துவிடும். கழற்றும்போது வளைந்தால் பரவாயில்லை, எப்படியும் தூக்கிப் போடப் போகிறோம். மாட்டும்போது வளைந்தால் புதுசும் போச்சு.

இன்னொன்று. உள்ளே இருக்கிற கருப்புத் தூசியை வாயால் ஊதவோ, கம்ப்ரசர் காற்றால் அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். இங்கிலாந்தே அதை முழுசாகத் தடை செய்தது 1999-ல்தான், இந்தக் காரோ 1992. மாஸ்க் போட்டு, பிரேக் கிளீனர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டோம்.

உள்ளே என்ன பார்த்தோம்

கிளட்ச் பிளேட்டில் லைனிங்கைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள், புதுசில் மேல்பரப்பிலிருந்து நன்றாக உள்ளே இறங்கி இருக்கும். ரிவெட் தலைக்கு மேல் 0.3 மி.மீ. லைனிங்காவது மிச்சம் இருக்கணும். எங்களுடையதில் ஒரு பக்கம் ரிவெட்டும் லைனிங்கும் ஒரே மட்டம். அதாவது பித்தளை நேராக இரும்பில் உராய்ந்திருக்கிறது. பிளைவீலில் வட்டவட்டமாகக் கோடுகள். நடுநடுவே நாலைந்து நீலத் திட்டுகள். திட்டுகளுக்குள் சிலந்தி வலை மாதிரி விரிசல்.

எண்ணெய் இருக்கிறதா என்றும் பார்த்தோம். பெல் ஹவுசிங்குக்குள் ஈரம் இருந்தால் அதை எடுத்து மோந்து பாருங்க. கியர் ஆயிலுக்கு ஒரு கந்தக நாற்றம் உண்டு, தப்பவே முடியாது. அது இருந்தால் கசிவு கியர்பாக்ஸ் சீலில். இல்லாமல் கருப்பாக இருந்தால் இன்ஜினின் பின்பக்க சீல். இதைச் சரிசெய்யாமல் புது கிளட்ச் போடுவது வீண். நம்ம பழைய சூத்திரத்தில் போட்டுப் பாருங்க: டார்க் கொள்ளளவு என்பது உராய்வுக் கெழு, அழுத்து விசை, சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை, இந்த நாலின் பெருக்கல். பிளேட்டின் வெளிவிட்டம் 200 மி.மீ., உள்விட்டம் 130 என்று வைத்தால் சராசரி ஆரம் 82.5 மி.மீ. முகங்கள் 2, உராய்வுக் கெழு 0.3, அழுத்து விசை 3600 நியூட்டன் என்றால் கொள்ளளவு சுமார் 178 நியூட்டன் மீட்டர். இன்ஜின் தருவது அதிகபட்சம் 135 அளவில். போதும். எண்ணெய் பட்டு உராய்வுக் கெழு 0.1 ஆனால்? கொள்ளளவு 59. மேட்டில் ஏறாது.

பிளைவீலைக் கடைந்து எடுத்தால் போதும் என்றுதான் அண்ணன் நினைத்தார். பக்கத்து ஊர் மெஷின் ஷாப்புக்குக் கொண்டுபோனோம். லேசாக ஒரு வெட்டு ஓட்டியதும் எல்லா இடமும் சாம்பல் நிறத்துக்கு வந்தது, அந்தத் திட்டுகள் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னின. கட்டிங் டூல் அங்கே போகும்போதெல்லாம் துள்ளியது. மெட்டலர்ஜி பேப்பரில் படித்தோமே, அதுதான் இது. அந்த இடங்கள் ஒரு காலத்தில் 727 டிகிரிக்கு மேல் சூடாகி, சுற்றியிருக்கும் குளிர்ந்த இரும்பு சட்டென்று சூட்டை உறிஞ்சியதால் மார்ட்டென்சைட்டாக மாறியிருக்கின்றன. கடினமான, நொறுங்கும் தன்மையுள்ள தீவுகள். மேலோட்டமாகக் கடைந்தால் மென்மையான இடம் மட்டும் வெட்டுப்பட்டு, தீவுகள் மேடாக நிற்கும். கிளட்ச் பிடிக்கும்போது வண்டி குலுங்கும்.

அந்தப் பெரியவர் மெஷினை நிறுத்திவிட்டு, "விரிசல் ஆழமா இருக்கு, நான் கடைந்து தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கூலி வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் ஏன் அப்படிச் சொன்னார் என்று உறைத்தது. 7000 ஆர்பிஎம்மில் 14 செ.மீ. ஆரத்தில் இருக்கிற விளிம்பு விநாடிக்கு 103 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 370 கி.மீ. வார்ப்பிரும்பு இழுவிசைக்குப் பலவீனமானது. அந்த வேகத்தில் ஒரு விரிசல் வளர்ந்து உடைந்தால் துண்டு எங்கே போகும்? பெல் ஹவுசிங்குக்கு நேர் பின்னால்தான் ஓட்டுகிறவரின் கால்.

எடை குறைந்த பிளைவீல் வாங்கலாமா?

எப்படியும் புதுசு வாங்கப் போகிறோம். எடை குறைந்த ரேஸிங் பிளைவீல் வாங்கினால் என்ன? நான்தான் கேட்டேன். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ஒரு கவரின் பின்பக்கத்தில் கணக்கு ஓடியது.

எட்டு கிலோ பிளைவீலுக்குப் பதில் நாலு கிலோ. சுழற்சி ஆரம் சுமார் 10 செ.மீ. என்று வைத்தால் நிலைமத் திருப்புத்திறன் 0.04 கிலோகிராம் சதுர மீட்டர் குறைகிறது. அதைக் கியர் விகிதத்தின் இருமடியால் பெருக்கி, டயர் ஆரத்தின் இருமடியால் வகுத்தால், காரின் எடை எவ்வளவு குறைந்த மாதிரி இருக்கும் என்று தெரியும். முதல் கியரில் 87 கிலோ. ஒரு ஆளையே இறக்கிவிட்ட மாதிரி! ஐந்தாவது கியரில்? வெறும் 6 கிலோ. ஒரு சின்ன அரிசிப் பை.

லாபம் உண்மைதான், ஆனால் முதல் ரெண்டு கியரில்தான் தெரியும். அதற்கு விலையாக, ஐடிலில் இன்ஜின் நடுங்கும். சிக்னலில் கொஞ்சம் அவசரப்பட்டால் அணைந்துபோகும். எல்லாவற்றுக்கும் மேல், சூட்டை வாங்கி வைக்கிற இரும்பு பாதியாகிவிடும். தினமும் டிராஃபிக்கில் போகிற வண்டிக்கு அது நஷ்டம். டிராக்கில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு வாங்கலாம். அப்போதும் முறையாகச் சோதித்துச் சான்று பெற்ற ஸ்டீல் அல்லது அலுமினிய பிளைவீல்தான். பழைய வார்ப்பிரும்பையே லேத்தில் சுரண்டி மெலிய வைப்பது தற்கொலை.

புதிய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் இருப்பது வேறு வகை. 1985 முதல் தொடர் உற்பத்தியில் இருக்கிற டூயல் மாஸ் பிளைவீல். ரெண்டு சக்கரங்கள், நடுவில் வளைந்த ஸ்பிரிங்குகள். இன்ஜினின் துடிப்பு கியர்பாக்ஸுக்குப் போகாமல் அவை விழுங்கிக்கொள்ளும். அந்த ஸ்பிரிங்குகளும் தேயும். அதனால் அங்கே உராயும் முகத்தை மட்டும் பார்த்தால் போதாது. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்றும், கம்பெனி சொல்லும் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கணும்.

நாங்கள் சாதாரண எடை பிளைவீலே வாங்கினோம். கூடவே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், பின்பக்க ஆயில் சீல். சீலும் பைலட் பேரிங்கும் சல்லிசான சாமான். ஆனால் அவற்றில் ஒன்று போனாலும் மறுபடி முழு கியர்பாக்ஸையும் இறக்கணும். இந்த வேலையில் செலவு சாமானில் இல்லை, உழைப்பில்தான்.

மாட்டியதும், மாட்டிக்கொண்டதும்

அடுத்த சனிக்கிழமை மாட்டினோம். பிளைவீல் போல்ட்டுகள் ஆறு. மரைகளில் சீலன்ட் தடவி, ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, டார்க் ரெஞ்சில் 96 முதல் 103 நியூட்டன் மீட்டருக்குள். பிளைவீல் முகத்தை பிரேக் கிளீனரால் துடைத்தபின் விரல் படக் கூடாது. விரல் பிசுக்கும் எண்ணெய்தான். பிறகு பிளேட்டை வைத்து, நடுவில் அலைன்மென்ட் டூலைச் செருகி, பிரஷர் பிளேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி இறுக்கணும், 18 முதல் 26 நியூட்டன் மீட்டர். ஒரே போல்ட்டை முழுசா இறுக்கினால் கவர் கோணிக்கொள்ளும்.

பிளேட்டை வைத்தது நான். அண்ணன் டார்ச் பிடித்தார்.

ராத்திரி ஒன்பதரைக்கு எல்லாம் முடிந்தது. ஸ்டார்ட் பண்ணி, பெடலை மிதித்து, முதல் கியர் போட்டார். கறகறவென்று கத்தியது. இன்ஜினை அணைத்துவிட்டு கியர் போட்டு, பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணினால், ஸ்டாண்டில் நிற்கிற காரின் பின் சக்கரங்கள் சுற்றுகின்றன. விடுபடவே இல்லை. மேலே சொன்னேனே, ரெண்டாவது நோய்.

ஹைட்ராலிக்கில் காற்று என்று சாதித்தேன். பதினோரு மணி வரைக்கும் அண்ணி வந்து பெடலை மிதிக்க, நான் கீழே படுத்து ஏர் எடுத்தேன். குமிழியே வரவில்லை. ஸ்லேவ் சிலிண்டர் ராட் நன்றாகத்தான் நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி எல்லாம் இறக்கினோம். பிரஷர் பிளேட்டைக் கழற்றியதும் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பிளேட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். நடுவில் ஸ்பிரிங் இருக்கிற புடைப்பான பக்கத்தில் ஆறு புதுக் கீறல்கள், ஆறு போல்ட் தலைகள் பட்ட தடம்.

கிளட்ச் பிளேட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. ஸ்பிரிங்குகள் இருக்கிற நடுப்பகுதி ஒரு பக்கம் அதிகமாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பு கியர்பாக்ஸைப் பார்த்து இருக்கணும். நான் பிளைவீலைப் பார்த்து வைத்துவிட்டேன். அது போல்ட் தலைகளில் மாட்டிக்கொண்டது. பிரஷர் பிளேட் பின்வாங்கினாலும் பிளேட்டை பிளைவீல் விடவில்லை. பரீட்சைத் தாளில் நான் வரைந்த பிளேட்டோ ஒரு செவ்வகம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி.

பிளேட் வளையவில்லை, ஹப்பும் சேதமில்லை. துடைத்து, திருப்பி, சரியாக மாட்டினோம். முதல் தடவை பதினோரு மணி நேரம் ஆன வேலை இந்தத் தடவை ஐந்தரை மணி நேரத்தில் முடிந்தது.

இந்த முறை ஒரு சோதனையும் செய்தோம், முதல் தடவையே செய்திருக்க வேண்டியது. கியர்பாக்ஸையும் ஸ்லேவ் சிலிண்டரையும் மாட்டியவுடன், சைலன்சர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எதையும் தொடாமல், ஒரு கியரில் போட்டு கியர்பாக்ஸின் பின்பக்க ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்க. பெடலை விட்டிருந்தால் சுற்றக் கூடாது. ஒருத்தர் மிதித்தால் சுலபமாகச் சுற்றணும். ரெண்டு நிமிஷ வேலை. இதைச் செய்திருந்தால் எனக்குச் சனிக்கிழமை ராத்திரியே தெரிந்திருக்கும், அண்ணியும் தூங்கியிருப்பாங்க.

புது கிளட்ச் போட்டதும் உடனே விரட்டக் கூடாது. முதல் 500, 800 கி.மீ. வரைக்கும் ஊருக்குள் நிதானமாக, நின்று நின்று கிளம்பி ஓட்டணும். அப்போதுதான் ரெண்டு பரப்பும் ஒன்றோடொன்று படிந்து முழுப் பரப்பிலும் பிடிக்கும். படியாத கிளட்ச் அங்கங்கே உள்ள மேடுகளில் மட்டும் உராயும், அங்கேயே நீலத் திட்டு விழும். அண்ணன் ஒரு மாசம் பால் வாங்கக்கூட அந்தக் காரில்தான் போனார்.

இப்போது அதே மேட்டில் நாலாவது கியரில் அழுத்தினால் ஆர்பிஎம் முள்ளும் ஸ்பீடோமீட்டர் முள்ளும் சேர்ந்தே ஏறுகின்றன. பழைய பிளைவீலை அண்ணன் தூக்கிப் போடவில்லை. என் ரூமில் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். திட்டுகள் இன்னும் மின்னுகின்றன.

ஜூனியர்ஸுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த தடவை அந்த 13 மார்க் கேள்வி வந்தால், பிளேட்டின் நடுவில் ஒரு சின்னப் புடைப்பை கியர்பாக்ஸ் பக்கமாக வரையுங்க. அதற்கு யாரும் கூடுதல் மார்க் தரப்போவதில்லை. ஆனால் கை அந்தப் பக்கத்தை ஞாபகம் வச்சுக்கும்.